கூடைப்பந்து தந்த ஆசான்

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து என்பது வெறும் புறப்பாட நடவடிக்கை அன்று. ஆட்டம் நடக்கும் நாளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அரங்கில் கூடுவர். அக்குழுவுக்குப் பயிற்றுநராக அமர்வது மாநிலமே அறிந்த பெருமை. 1898-ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை அப்பொறுப்பை ஏற்றவர்களை எண்ண இரு கைவிரல்களே போதும். அவர்களுள் ஒருவருக்கு மட்டும் வெற்றிகளைவிடத் தோல்விகள் மிகுதி. அவர் கணக்கில் 55 வெற்றிகளும் 60 தோல்விகளும் உள்ளன. அவர்தாம் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கூடைப்பந்து என்னும் விளையாட்டையே உருவாக்கியவரும் அவரே.

தாமே கண்டுபிடித்த விளையாட்டில் ஒருவர் தோற்றுக்கொண்டிருந்தார் என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், பயிற்றுநர் என்பவர் யார், அவருடைய வேலை என்ன என்பதில் நெய்ஸ்மித்தின் எண்ணம் மற்றவர்களின் எண்ணத்திலிருந்து வேறுபட்டிருந்தது. அதை அறிய அவருடைய வாழ்க்கையைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

நெய்ஸ்மித் 1861-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆல்மோண்ட் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். 1870-இல் பரவிய டைஃபாய்டு காய்ச்சல் சில வார இடைவெளியில் தாய், தந்தை இருவரையும் கொண்டு சென்றது. அதன்பின் உறவினர் வீட்டில், தாய்மாமனின் கண்டிப்பில் அவர் வளர்ந்தார். உயர்நிலைப்பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டும் தொழிலாளர்களோடு சில ஆண்டுகள் உழைத்தார். பிறகு மனம் மாறிப் பள்ளிக்குத் திரும்பினார். தம்மைவிட இளையவர்களோடு அமர்ந்து படித்து முடித்து, 1883-இல் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

ஊர்ப் பிள்ளைகளோடு அவர் ஆடிய ஒரு விளையாட்டை இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு பெரிய பாறையின் மேல் சிறு கல் ஒன்றை வைப்பார்கள். அந்தக் கல்லுக்கு ‘வாத்து’ என்று பெயர். தூரத்தில் நின்று கல்லெறிந்து அந்த வாத்தை வீழ்த்த வேண்டும். வேகமாக நேரே எறிந்தால் கல் வெகுதூரம் போய் விழும். ஓடிச் சென்று அதை எடுத்து வருவதற்குள் காவல் நிற்பவரிடம் அகப்பட்டுக்கொள்ள நேரும். மெல்ல மேலே தூக்கி, வளைவாக விழும்படி எறிபவருக்கே வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகள் கழித்து இந்தச் சிறு உண்மை அவருக்குக் கைகொடுத்தது.

மெக்கில்லில் அவர் சமயக் கல்வி பயின்றார். பந்தாட்டத்திலும் முன்னணியில் நின்றார். சமயப் பணிக்குப் போகவிருப்பவர் திடலில் முட்டி மோதி விளையாடுவதா என்று உடன் பயின்ற சிலர் முகம் சுளித்தனர். நல்ல பழக்கங்களை மேடையில் நின்று சொல்வதைவிடத் திடலில் நின்று கற்பிப்பதே எளிது என்பது நெய்ஸ்மித்தின் கருத்து. அந்த எண்ணத்தோடு 1890-இல் அவர் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குச் சென்றார். ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்துவ இளைஞர் சங்கம் அங்கு ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தி வந்தது.

அப்பள்ளியின் காற்பந்துக் குழுவுக்கு அமோஸ் அலோன்சோ ஸ்டாக் பயிற்றுநராக இருந்தார். இது நாம் ஆடும் காற்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதும் கொண்ட முரட்டு ஆட்டமாகிய அமெரிக்கக் காற்பந்து. நெய்ஸ்மித் பெரிய உடலமைப்புக் கொண்டவர் அல்லர். எனினும், மோதல் மிகுந்த நடு இடத்தையே ஸ்டாக் அவருக்குக் கொடுத்தார். காதுகள் அடிபட்டுப் புண்ணாகாமல் இருக்க, நெய்ஸ்மித் தமக்கென ஒரு தலைக்கவசத்தைச் செய்து அணிந்தார். அமெரிக்கக் காற்பந்தில் முதன்முதலில் தலைக்கவசம் அணிந்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஸ்டாக் 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, அங்கே 41 பருவங்கள் காற்பந்துப் பயிற்றுநராகப் பணியாற்றினார். கல்லூரிப் பயிற்றுநர் என்பதை ஒரு முழுநேரத் தொழிலாக உயர்த்தியவர்களுள் அவர் முதன்மையானவர். ஒரே திடலில் நின்ற அந்த இருவரும் எவ்வளவு வேறுபட்ட வழிகளில் சென்றனர்!

1891-ஆம் ஆண்டுக் குளிர்காலம் வந்தது. வெளியே பனி கொட்டியது. உள்ளரங்கில் உடற்பயிற்சி மட்டுமே செய்துகொண்டிருந்த ஒரு வகுப்பு மாணவர்கள் சலித்துப்போய் அடங்க மறுத்தனர். அவர்களுக்காகப் புதிய உள்ளரங்க விளையாட்டு ஒன்றை உருவாக்கும்படி துறைத் தலைவர் லூதர் குலிக் நெய்ஸ்மித்திடம் கூறினார். இரண்டு வாரமே தவணை. காற்பந்தையும் மற்றத் திடல் விளையாட்டுகளையும் உள்ளரங்குக்கு ஏற்றபடி மாற்றிப் பார்த்தார். மாணவர்கள் அடிபட்டதுதான் மிச்சம், ஒன்றும் பலிக்கவில்லை. தவணையும் முடியும் நிலைக்கு வந்தது.

அப்போதுதான் அவர் சிக்கலை வேறு விதமாகப் பார்த்தார். ஆட்டத்தில் முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? பந்தோடு ஓடுபவரைத் தடுக்க வேண்டியிருப்பதால் வருகிறது. பந்தைப் பிடித்தவர் ஓடக்கூடாது என்று விதித்துவிட்டால், அவரை மோதி வீழ்த்தத் தேவையே இராது. அடுத்து, கோல் தரையில் இருந்தால் பந்தை வேகமாக அடிக்கத் தோன்றும். அதைத் தலைக்கு மேல், வாய் வானத்தைப் பார்க்கும்படி வைத்தால் என்ன? பந்தை மெல்ல வளைவாகத்தான் எறிய முடியும். ஆல்மோண்ட் பாறைமேல் வைத்த வாத்து அவர் நினைவுக்கு வந்தது.

இரண்டு பெட்டிகள் கிடைக்குமா என்று பள்ளிப் பணியாளரிடம் கேட்டார். அவரிடம் பெட்டிகள் இல்லை. பீச் பழக்கூடைகள் இரண்டு இருந்தன. அவற்றை அரங்கின் மாடத்தில் ஆணியடித்துப் பொருத்தினர். மாடத்தின் உயரம் பத்தடி. இன்று உலகெங்கும் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு வேறு ஆராய்ச்சி எதுவும் காரணமில்லை. அந்த மாடம் அங்கே இருந்ததுதான் காரணம். டிசம்பர் 21-ஆம் நாள் 18 மாணவர்கள் அணிக்கு ஒன்பது பேராகப் பிரிந்து ஆடினர். காற்பந்தே அன்றைய பந்து. ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. ஆனாலும் மாணவர்கள் ஆட்டத்தை விட மனமில்லாமல் இருந்தனர். இவ்விளையாட்டுக்கு நெய்ஸ்மித்தின் பெயரையே வைக்கலாம் என்று ஒரு மாணவர் கூறியபோது அவர் சிரித்து மறுத்துவிட்டார்.

அன்று அவர் எழுதி ஒட்டிய விதிகள் 13. அவற்றில் நடுவரைப் பற்றிய விதிகள் உண்டு. அணித்தலைவர்கள் பற்றிய குறிப்பும் உண்டு. பயிற்றுநரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிற்காலத்தில், ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து எவரும் ஆட்டக்காரர்களுக்கு வழிகாட்டக்கூடாது என்றே விதி இருந்தது. ஆட்ட இடைவேளைகளில் பயிற்றுநர் தம் அணியோடு பேசுவதற்கு 1940-களின் இறுதியில்தான் அனுமதி கிடைத்தது. இன்று ஓரத்தில் நின்று தொண்டை வறளக் கத்தும் பயிற்றுநர்களைப் பார்க்கும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

நெய்ஸ்மித் பின்னர் டென்வர் நகரில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். 1898-இல் கான்சஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அழைத்தது கூடைப்பந்துக்காக அன்று. வழிபாட்டுக் கூடத்தை நடத்தவும் உடற்கல்வி கற்பிக்கவும்தான். மாணவர்கள் விரும்பியதால் ஒரு குழு உருவானது. 1899 பிப்ரவரியில் நடந்த முதல் ஆட்டத்தில் கான்சஸ் 5–16 என்று தோற்றது. சில ஆட்டங்களுக்கு நெய்ஸ்மித்தே நடுவராகவும் நின்றிருக்கிறார். தம் குழுவுக்குப் பயிற்றுநராகவும் ஆட்டத்துக்கு நடுவராகவும் ஒருவரே இருக்கலாம் என்றால், அவர் வெற்றியை எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பது புரியும். மாணவர்களின் உடல்வளர்ச்சியை அளந்து குறித்து வைப்பதிலும், அவர்களுடைய நலனைக் கவனிப்பதிலும்தான் அவருடைய நேரம் சென்றது.

அவர் குழுவில் ஆடியவர் ஃபாரஸ்ட் ஆலன். ‘ஃபாக்’ என்பது அவருடைய செல்லப்பெயர். வேறொரு கல்லூரி தம்மைப் பயிற்றுநராக அழைத்திருக்கும் செய்தியை ஆலன் தம் ஆசிரியரிடம் தெரிவித்தார். கூடைப்பந்தை ஆடத்தான் முடியும், அதற்குப் பயிற்சி கொடுக்க முடியாது என்பதே நெய்ஸ்மித்தின் மறுமொழி. மாணவர் அதை ஏற்கவில்லை. 1907-இல் நெய்ஸ்மித்திடமிருந்து கான்சஸ் குழுவையே பெற்றுக்கொண்டார். இடையில் பத்தாண்டுகள் விலகியிருந்தாலும், 1956 வரை அங்கே பயிற்றுநராக இருந்தார். அவர் வாழ்நாளில் வென்ற ஆட்டங்கள் 746. அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கெண்டக்கியில் 876 ஆட்டங்களையும், டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879 ஆட்டங்களையும் வென்றனர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியின் ஒரு பெரும் கிளையே, பயிற்சி தேவையில்லை என்ற மனிதரின் குழுவிலிருந்து தோன்றியது.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் மாலையில் திடலுக்கு வரும் ஓர் ஆசிரியரே பயிற்றுநர். அமெரிக்கக் கல்லூரிகளில் நிலைமை வேறு. பல மாநிலங்களில் அரசுப் பணியாளர்களுள் மிக அதிகச் சம்பளம் பெறுபவர் ஒரு காற்பந்துப் பயிற்றுநராகவோ கூடைப்பந்துப் பயிற்றுநராகவோ இருக்கிறார். அவருடைய வேலையில் பாதி, உயர்நிலைப்பள்ளிகளில் திறமையான மாணவர்களைத் தேடிப்பிடித்துத் தம் கல்லூரிக்கு இழுப்பது. 1955-இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த வில்ட் சேம்பர்லின் என்னும் ஏழடி உயர மாணவருக்காக நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் போட்டியிட்டன. ஆலன் அவரைக் கான்சஸுக்குக் கொண்டுவந்தார். ஆனால், சேம்பர்லின் முதன்மைக் குழுவில் ஆடத் தகுதிபெறும் முன்பே, எழுபது வயது நிறைந்துவிட்டது என்று ஆலன் ஓய்வுபெற வேண்டியதாயிற்று.

நெய்ஸ்மித் எவரையும் இப்படித் தேடிப் போனதில்லை. ஆனால், அவரைத் தேடி ஒரு மாணவர் வந்தார். 1933-இல் கான்சஸில் உடற்கல்வி பயிலச் சேர்ந்த ஜான் மெக்லெண்டன் கறுப்பினத்தவர். இனப்பிரிவினை நிலவிய காலம் அது. பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், அதன் கூடைப்பந்துக் குழுவில் ஆடக்கூடாது. மெக்லெண்டன் நேரே நெய்ஸ்மித்தின் அறைக்குச் சென்று, அவரையே தமக்கு வழிகாட்டியாகத் தரும்படி தம் தந்தை சொல்லி அனுப்பியதாகக் கூறினார். எழுபது வயதைக் கடந்த அந்த ஆசிரியர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சலும் ஒரு பாடம். மெக்லெண்டன் குளத்தில் இறங்கி நீந்திய பிறகு குளத்து நீர் முழுதும் வெளியேற்றப்பட்டது. அவர் பின்வாங்கவில்லை. நெய்ஸ்மித் அவர் பக்கமே நின்றார்.

ஆட இடமில்லாத அம்மாணவருக்கு நெய்ஸ்மித் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பந்து எங்கே கைக்கு வருகிறதோ அங்கேயே தாக்குதல் தொடங்குகிறது. எங்கே கைவிட்டுப் போகிறதோ அங்கேயே தற்காப்பு தொடங்குகிறது என்பது அவர் கற்பித்த பாடங்களுள் ஒன்று. பாதித் திடலில் காத்து நிற்காமல் திடல் முழுவதும் ஓடி ஆடும் முறையை மெக்லெண்டன் இதிலிருந்தே வளர்த்தெடுத்தார். பயிற்சி கொடுக்க முடியாது என்று ஆலனிடம் சொன்னவர், மெக்லெண்டனிடம் அதைத்தானே செய்தார் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மெக்லெண்டன் பட்டம் பெற்ற அதே 1936-ஆம் ஆண்டில், கூடைப்பந்து முதன்முறையாகப் பெர்லின் ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய போட்டியாக இடம்பெற்றது. நெய்ஸ்மித் தம் விளையாட்டால் செல்வம் சேர்த்தவர் அல்லர். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்றுநர்கள் முன்னின்று பணம் திரட்டி அவரைப் பெர்லினுக்கு அனுப்பி வைத்தனர். இறுதியாட்டம் திறந்தவெளியில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து சேற்றில் எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. வாழ்ந்த நாடும் பிறந்த நாடும் மோதிய ஆட்டம் அது. முடிவில் பதக்கங்களை வழங்கியவர் நெய்ஸ்மித்.

1939-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் அவர் கான்சஸின் லாரன்ஸ் நகரில் காலமானார். அவர் ஒட்டிய 13 விதிகள் கொண்ட தாள்கள் 2010-இல் 43 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போயின. இன்று அவை கான்சஸ் பல்கலைக்கழகத்தில், ஆலன் பெயர் தாங்கிய அரங்குக்குப் பக்கத்தில் உள்ளன. அந்த அரங்கின் ஆடுதளத்துக்கு நெய்ஸ்மித்தின் பெயர்.

மெக்லெண்டன் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கறுப்பினத்தவருக்கான கல்லூரி ஒன்றில் பயிற்றுநரானார். 1944 மார்ச் மாதம், ஊரார் தேவாலயத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அவருடைய மாணவர்கள் டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையினக் குழுவோடு கதவைப் பூட்டிக்கொண்டு இரகசியமாக ஆடினர். சட்டப்படி அந்த ஆட்டம் குற்றம். 88–44 என்று மெக்லெண்டனின் குழு வென்றது. அதன்பின் இரு குழுவினரும் கலந்து பிரிந்து இன்னோர் ஆட்டமும் ஆடினர். 1957 முதல் 1959 வரை டென்னசியில் அவருடைய குழு தொடர்ந்து மூன்று முறை தேசிய வெற்றியாளரானது. ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த புகழரங்கம் 1979-இல் மெக்லெண்டனைச் சேர்த்துக்கொண்டது. ஆனால், விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற பிரிவில்தான் சேர்த்தது. பயிற்றுநர் என்று அவரை அது ஏற்றுக்கொண்டது 2016-இல். அப்போது மெக்லெண்டன் மறைந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.