இடியை அடக்கிய மனிதர்



நோபல் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பரிசுதான் ஞாபகம் வரும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1930-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-லும் பெற்ற அதே பரிசு. ஆனால் சிவில் டிப்ளமோ படிக்கும் எனக்கு அந்தப் பெயர் வேறு வழியாக அறிமுகமானது. பாறை உடைப்பது பற்றிய பாடத்தில், டைனமைட்டைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் நோபல் என்று ஒரே ஒரு வரி. பரீட்சைக்கு அது போதும், ரெண்டு மார்க் கேள்வி! அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆல்ஃபிரட் நோபல் 1833 அக்டோபர் 21-ஆம் நாள் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். அப்பா இம்மானுவேல் ஒரு கண்டுபிடிப்பாளர். மூளை நிறைய யோசனை, கையிலோ காசு இல்லை. தொழில் நொடித்துப்போய், கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அவர் வெளிநாடு போனார். ஊரில் அம்மா ஆன்ட்ரியெட் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். பிறகு அப்பா ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காலூன்றி, கடலில் வைக்கும் கண்ணிவெடிகளையும் இயந்திரங்களையும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். 1842-ல் குடும்பமும் அங்கே போய்ச் சேர்ந்தது.

நோபல் எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்கியவர் இல்லை. வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடம் படித்தார். பதினேழு வயதில் சுவீடிஷ், ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என்று ஐந்து மொழிகள் அவர் கையில்! நாம இங்கிலீஷ் ஒண்ணுக்கே திண்டாடுகிறோம்.

அந்தக் காலத்தில் பாறை உடைக்கக் கருமருந்து ஒன்றுதான் இருந்தது. நம் ஊர்த் திருவிழா வேட்டுக்குப் போடுகிற அதே வகை மருந்துதான். வேகமும் குறைவு, பலமும் குறைவு. இந்த நிலைமையில் 1847-ல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சோப்ரேரோ என்ற வேதியியலாளர் நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். பார்வைக்கு எண்ணெய் மாதிரி இருக்கும் திரவம். ஆனால் அதன் மூர்க்கத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவரே பயந்துபோனார். இதை எந்த வேலைக்கும் பயன்படுத்த முடியாது என்பது அவர் முடிவு.

ஏன் அப்படி? பலம் குறைவு என்பதால் அல்ல, அது சொன்னபடி கேட்காது என்பதால். தீ வைத்தால் சில சமயம் சும்மா எரிந்து அடங்கும். தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு தட்டு தட்டினால் ஆளையே தூக்கிவிடும். வேண்டும்போது வெடிக்காது, வேண்டாதபோது வெடிக்கும். ரஷ்யாவில் நோபலுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த ஜினின் என்ற பேராசிரியர் பட்டடைக்கல் மேல் அந்தத் திரவத்தை விட்டுச் சம்மட்டியால் அடித்துக் காட்டினார். அடி பட்ட இடம் மட்டும் வெடித்தது. பக்கத்தில் இருந்தது அப்படியே கிடந்தது. இளைஞர் நோபலின் மனதில் அந்தக் காட்சி பதிந்துவிட்டது.

கிரிமியப் போர் முடிந்ததும் ரஷ்ய ராணுவம் ஆர்டர் கொடுப்பதை நிறுத்தியது. அப்பாவின் தொழிற்சாலை மறுபடியும் திவாலானது. அவர் ஸ்டாக்ஹோம் திரும்பினார், 1863-ல் ஆல்ஃபிரட்டும் அங்கே வந்து சேர்ந்தார். ஊரோரம் ஹெலனெபோர்க் என்ற இடத்தில் ஒரு கொட்டகை. அங்கே அப்பாவும் பிள்ளைகளும் நைட்ரோகிளிசரின் செய்ய ஆரம்பித்தார்கள்.

1864 செப்டம்பர் 3. அந்தக் கொட்டகை வெடித்துச் சிதறியது. ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் ஆல்ஃபிரட்டின் கடைசித் தம்பி எமில். வயது இருபது. நம்ம வயசுப் பையன், நண்பர்களே! சில மாதங்களில் பக்கவாதம் வந்து அப்பா படுக்கையில் விழுந்தார். சரியாக எட்டு வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 3-ஆம் தேதி, 1872-ல் அவர் காலமானார்.

வேறொருவராக இருந்தால் அன்றோடு தலைமுழுகியிருப்பார். நோபல் விடவில்லை. நகர எல்லைக்குள் இந்த வேலை கூடாது என்று அரசாங்கம் தடை போட்டதும், மேலாரென் ஏரியில் ஒரு படகை நிறுத்தி அதன் மேல் வேலையைத் தொடர்ந்தார். அது வீம்பா, பைத்தியமா, லட்சியமா? நான் ரொம்ப யோசித்தேன். அவர் பின்னால் செய்ததைப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. அதன் பிறகு அவர் தேடியது கூடுதல் பலத்தை அல்ல, கட்டுப்பாட்டை.

முதல் படி, டெட்டனேட்டர். நைட்ரோகிளிசரினுக்குத் தேவை நெருப்பல்ல, அதிர்ச்சி என்பதைப் பிடித்துக்கொண்டார். பெரிய வெடியை எழுப்ப ஒரு சின்ன வெடி. 1865-ல் பாதரச ஃபல்மினேட் அடைத்த சிறிய உலோகக் குப்பியாக அது முழு வடிவம் பெற்றது. நம் கல்குவாரிகளில் கேப்பு என்று சொல்கிறார்களே, அதன் மூதாதை இதுதான். டைனமைட்டைவிட இதுவே பெரிய கண்டுபிடிப்பு என்று சொன்னால் மிகையாகாது. எப்போது வெடிக்க வேண்டும் என்பதை மனிதன் தீர்மானிக்க முடிந்தது இதற்குப் பிறகுதான்.

ஆனால் வேண்டாத நேரத்தில் வெடிப்பது நிற்கவில்லை. தகர டப்பாக்களில் அடைத்து உலகமெல்லாம் அனுப்பிய திரவம் வழியிலேயே கசிந்தது. 1866 ஏப்ரலில் பனாமா கடற்கரையில் ஒரு கப்பல் வெடித்தது. அதே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் கசிந்த பெட்டி ஒன்று வெடித்துப் பதினைந்து பேர் இறந்தார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே க்ருயும்மெல் என்ற இடத்தில் இருந்த அவருடைய சொந்தத் தொழிற்சாலையும் அதே ஆண்டில் தரைமட்டமானது.

விடை அந்த க்ருயும்மெல் பக்கத்து மண்ணிலேயே இருந்தது. கீசல்கூர் என்ற நுண்துளைகள் நிறைந்த மண், பழங்காலத்து நுண்ணிய பாசிகளின் ஓடு. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது மாதிரி அது திரவத்தை உறிஞ்சிப் பிசைந்த மாவு போல் ஆகிவிடும். உருட்டிக் காகிதத்தில் சுற்றினால் தோட்டா தயார். கேப்பு இல்லாமல் லேசில் வெடிக்காது. 1867-ல் காப்புரிமை பெற்று, வலிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து டைனமைட் என்று பெயர் வைத்தார். டப்பா கசிந்து தற்செயலாக நடந்த கண்டுபிடிப்பு என்று ஒரு கதை உண்டு. நோபல் அதை மறுத்தார். கரித்தூள், மரத்தூள், செங்கல்தூள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துத்தான் அவர் இதற்கு வந்தார்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். மண் கலந்ததால் மருந்தின் பலம் குறைந்தது! பலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்கினார். இன்ஜினியரிங் என்பது இதுதானே? குறைந்த பலத்தை 1875-ல் ஜெலட்டின் மூலம் மீட்டதும் அவரேதான்.

1872 முதல் 1882 வரை ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளத்தில் கோத்தார்ட் ரயில் சுரங்கம் போட்டார்கள். டைனமைட் இல்லாமல் அதை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் அங்கும் சுமார் 200 தொழிலாளர்கள் வெடியிலும் பாறைச் சரிவிலும் மற்ற விபத்துகளிலும் செத்துப்போனார்கள். மருந்து பாதுகாப்பானதாக ஆனாலும் வேலை பாதுகாப்பானதாக ஆகிவிடவில்லை.

நோபல் கோடீஸ்வரர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 355 காப்புரிமைகள். 1887-ல் புகையில்லாத துப்பாக்கி மருந்தையும் கண்டுபிடித்தார். அதைத் தழுவிப் பிரிட்டிஷார் கார்டைட் செய்தபோது வழக்குப் போட்டு, 1895-ல் தோற்றார். அந்தக் கார்டைட்டுக்காகத்தான் நம் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை வந்தது. சமாதானம் பற்றிப் பேசியவர், பீரங்கி செய்யும் போபர்ஸ் கம்பெனியையும் 1894-ல் வாங்கினார். இந்த முரண்பாட்டை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு டாக்டர்கள் அவருக்கு எழுதிக்கொடுத்த மருந்து எது தெரியுமா? நைட்ரோகிளிசரின்!

1895 நவம்பர் 27-ல் பாரிஸில் உயில் எழுதினார். சொத்தின் பெரும்பகுதி, 3 கோடிக்கும் மேற்பட்ட சுவீடிஷ் குரோனா, மனித குலத்துக்கு நன்மை செய்தவர்களுக்குப் பரிசாக. 1896 டிசம்பர் 10-ல் இத்தாலியின் சான் ரெமோவில் காலமானார். உறவினர்களின் எதிர்ப்பைத் தாண்டி அந்த உயிலை நிறைவேற்றியவர் ராக்னர் ஸோல்மன் என்ற அவருடைய உதவியாளர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறுதான்! 1901-ல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன.

இன்று குவாரிகளில் டைனமைட்டின் இடத்தை ஸ்லரி, எமல்ஷன் போன்றவை பெரும்பாலும் பிடித்துவிட்டன. ஆனால் கேப்பு இல்லாமல் வெடிக்காது என்ற தத்துவம் அப்படியே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆர்டியர் என்ற ஊரில் இருந்த நோபல் தொழிற்சாலையில், மருந்து தயாராகும்போது வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு ஒற்றைக்கால் முக்காலி கொடுப்பார்களாம். கண் அசந்தால் கீழே விழுந்துவிடுவான்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றைக்காலுக்குப் பின்னால் ஹெலனெபோர்க்கின் ஐந்து சாவுகள் நிற்கின்றன.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் சுரங்கத்துக்கும் குவாரிக்கும் அணைக்கட்டுக்கும் சூப்பர்வைசராகப் போவோம். நமக்குக் கீழே பத்துப் பேர், இருபது பேர் வேலை பார்ப்பார்கள். சைட்டில் சங்கு ஊதி ஆட்கள் ஒதுங்குவதற்கு முன்னால், அவசரம், இந்த ஒரு தடவை பரவாயில்லை என்று யாராவது சொல்வார்கள். அப்போது எமிலை நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விதி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய உயிரைக் கொடுத்து எழுதப்பட்டது. அதை ரெண்டு மார்க் கேள்வியாக மட்டும் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.