காட்டையே கோட்டையாக்கிய பழசி ராஜா

மாண்டுபோன மன்னரின் உடலைப் பல்லக்கில் சுமந்து சென்றனர். அந்தப் பல்லக்கு மன்னருடையது அல்ல. அவரைப் பிடிக்கப் படையோடு வந்த வெள்ளைக்காரத் துரையுடையது!

அந்த மன்னர்தான் கேரள வர்மா பழசி ராஜா. 1753-ல், வட மலபாரிலுள்ள கோட்டயம் அரச குலத்தில் பிறந்தவர்.

வரியால் வந்த போர்

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து மலபார் கும்பெனியார் கைக்கு வந்தது. கோட்டயத்தில் வரி வசூலிக்கும் உரிமையை அவர்கள் பழசியின் மாமனுக்குக் கொடுத்தனர். வரிச்சுமையால் குடிகள் வாடினர். பழசி எதிர்த்தார், வசூலைத் தடுத்தார். 1796-ல் கும்பெனிப் படை அவருடைய அரண்மனையைச் சூறையாடியது. அவரோ வயநாடு போய்ச் சேர்ந்தார்.

காடு கொடுத்த துணை

நீலகிரிக்கு மேற்கே, சுமார் 3,000 அடி உயரத்தில் பரந்து கிடக்கும் மலைநாடு வயநாடு. மூங்கில் காடு, செங்குத்தான கணவாய், விடாத மழை. அங்கே வாழும் குறிச்சியர் குறி தவறாத வில்லாளிகள். அவர்கள் பழசியின் பக்கம் நின்றார்கள்.

1797 மார்ச்சில், கணவாயில் இறங்கிய கும்பெனிப் படை நிலைகுலைந்தது. மேஜர் கேமரன் மாண்டார். கும்பெனியார் சமாதானத்துக்கு வந்தனர்.

1799-ல் திப்பு வீழ்ந்தபின் வயநாடும் தங்களுக்கே என்றனர் கும்பெனியார். மீண்டும் போர்! பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லியே படை நடத்தினார். காட்டில் சாலைகள் போட்டார். காவல் நிலைகள் அமைத்தார். பழசி அகப்படவில்லை.

1802 அக்டோபரில் எடச்சேன குங்கனும், குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்துவும் சுமார் 150 வில்லாளிகளுடன் பனமரம் காவல் நிலையைத் தாக்கினர். அங்கிருந்த 70 பேர் கொண்ட காவற்படை அழிந்தது.

ஓடைக்கரையில் முடிவு

வில்லும் வாளும் எத்தனை நாள் தாங்கும்? 1804-ல் பழசியின் தலைக்கு 3,000 வராகன் விலை வைக்கப்பட்டது. சந்துவும் பிடிபட்டு உயிரிழந்தார். சப்-கலெக்டர் பேபர் துப்புக் கொடுப்போரைத் தேடிப் பிடித்தார்.

1805 நவம்பர் 30. புல்பள்ளி அருகே மாவிலத்தோடு என்னும் ஓடைக்கரையில் பழசி சூழப்பட்டு மாண்டார். குண்டடி பட்டு இறந்தார் என்கின்றன கும்பெனிப் பதிவுகள். வைரத்தை விழுங்கி உயிர் விட்டார் என்பது மக்கள் வழக்கு.

உடலைத் தம் பல்லக்கிலேயே ஏற்றினார் பேபர். மானந்தவாடியில் உரிய மரியாதையுடன் தகனம் நடந்தது. அவ்விடத்தில் இன்றும் நினைவிடம் இருக்கிறது.

மன்னர் போனார், காடு அடங்கவில்லை. 1812-ல் வரிக்கொடுமை பொறாமல் குறிச்சியர் மீண்டும் வில்லெடுத்தனர்!