யந்திரச் சிற்பி ஹென்றி றோய்ஸ்

'றோல்ஸ் றோய்ஸ்' என்னும் மோட்டார் வண்டியை 'றோல்ஸ்' என்று சுருக்கிச் சொல்வது உலக வழக்கு. விற்றவர் பெயர் நாவில் நிற்க, ஆக்கியவர் பெயர் மறைந்துபோகின்றது. ஆக்கியவர் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

பிரெடெரிக் ஹென்றி றோய்ஸ் 1863ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், இங்கிலாந்திலே பீற்றர்பரோ நகரை அடுத்த அல்வால்ட்டன் என்னும் சிற்றூரில், மாவாலை நடத்திய ஒருவருக்கு ஐந்தாம் மகவாய்ப் பிறந்தார். ஆலைத் தொழில் நொடித்தது. குடும்பம் இலண்டனை அடைந்தபின், மகனுக்கு ஒன்பது வயதாகும்போது தந்தையும் இறந்தார். பத்திரிகை விற்றும் தந்தி கொண்டோடியும் பிழைத்த அச்சிறுவன் பள்ளியிற் பயின்ற காலம் மிகச் சொற்பம். உறவினரான பெண்மணியொருவர் ஆண்டுக்கு 20 பவுண் கட்டி, அவரைப் பீற்றர்பரோப் புகையிரதத் தொழிற்சாலையில் வேலை பழக வைத்தார். மூன்றாண்டில் அப்பணம் நின்றது, பயிற்சியும் நின்றது.

1884இல் கிளேர்மொன்ற் என்பாருடன் கூடி மான்செஸ்ரரில் சிறு தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். மின்சார மணிகளிலே தொடங்கிய தொழில், மின்பிறப்பாக்கிகளும் பாரந்தூக்கிகளும் செய்யுமளவுக்கு வளர்ந்தது. 1903ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டுப் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். அதன் இரைச்சலும் அதிர்வும் அவருக்குப் பொறுக்கவில்லை. பிரித்தார், ஆராய்ந்தார், அதனினும் சிறந்ததைத் தாமே செய்யத் துணிந்தார். அவர் புதிதாக எதனையும் கண்டுபிடிக்கவில்லை என்பாருமுளர். ஒருவகையில் அது மெய்யே. பிறர் போதுமென்று விட்ட இடத்திலிருந்து தொடங்கியதே அவர் செய்த புதுமை.

1904 மே 4ஆம் நாள், மான்செஸ்ரர் மிட்லண்ட் ஹொட்டேலில், இலண்டனில் மோட்டார் வணிகம் செய்த பிரபு குமாரர் சாள்ஸ் றோல்ஸ் அவரைச் சந்தித்தார். இரண்டே உருளைகள் கொண்ட றோய்ஸின் சிறு வண்டி அத்தனை அமைதியாய் ஓடியது கண்டு வியந்தார். செய்வனவற்றையெல்லாம் தாமே விற்பதாக ஒப்பந்தம் செய்தார். 1906இல் கம்பனி உருவாயிற்று.

மறு ஆண்டு 'சில்வர் கோஸ்ற்' என்னும் வண்டியைத் தொடர்ந்து 15,000 மைல் ஓட்டினர். பின்னர், மோட்டார்க் கழகத்தார் பார்வையில், அது பகுதி பகுதியாகக் கழற்றிச் சோதிக்கப்பட்டது. தேய்ந்த உறுப்புகளை மாற்ற வேண்டிய செலவு இரண்டு பவுணுக்குச் சற்றே மேற்பட்டது! அக்காலத்துச் செல்வர், வண்டியுடன் அதைப் பழுதுபார்ப்பவனையும் வைத்திருந்தமையை நினைத்தால் இதன் அருமை புலனாகும்.

ஆனால் யந்திரத்தின் தேய்வை எண்ணியவர் தம் உடலின் தேய்வை எண்ணவில்லை. உணவையும் மறந்து உழைக்கும் அவர் பின்னே, பாற்குவளையுடன் பையன் ஒருவனை அனுப்புவார்களாம். 1910இல் விமான விபத்தில் றோல்ஸ் இறந்தார். அடுத்த ஆண்டு றோய்ஸ் கடும் நோயுற்றார். கம்பனியை நிருவகித்த குளோட் ஜோன்சன் அவரை டார்பித் தொழிற்சாலையிலிருந்து விலக்கி, பிரான்சின் தென்கரையில் தங்கவைத்தார். அங்கும், பின்னர் இங்கிலாந்தின் வெஸ்ற் விற்றறிங் ஊரிலும் இருந்தபடியே இருபதாண்டுகள் யந்திரங்களை வரைந்தனுப்பினார். 1919இல் அற்லாந்திக் சமுத்திரத்தை முதன்முதல் இடைநில்லாது கடந்த விமானத்தை உந்தியவை அவர் அமைத்த 'ஈகிள்' யந்திரங்களே.

1930இல் 'சேர்' பட்டம் பெற்றார். 1933 ஏப்பிரில் 22ஆம் நாள் மறைந்தார். டார்பியில் வைத்திருந்த அவரது சாம்பல், 1937இல் அல்வால்ட்டன் தேவாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.