யார் இந்த ப்ரூஸர் ப்ரோடி? எந்த முதலாளிக்கும் பணியாத ரெஸ்லர்... ஷவர் அறையில் முடிந்த வாழ்க்கை!

ரெஸ்லிங் பார்ப்பவர்களில் அண்டர்டேக்கரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஆனா, அவர் முதன்முதலாக யாரிடம் அடி வாங்கினார் தெரியுமா? 1987 ஜூன் மாதம், அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஸ்போர்டடோரியம் என்ற பழைய அரங்கம். டெக்சாஸ் ரெட் என்ற பெயரில் முகமூடி போட்டுக்கொண்டு ஒரு புது ஆள் ரிங்குக்குள் வந்தார். எதிரே சுருட்டை முடி, அடர்ந்த தாடி, ரோமம் வைத்த பூட்ஸ், கையில் இரும்புச் சங்கிலியோடு நின்றவர் ப்ரூஸர் ப்ரோடி. முகமூடிக்காரர் தோற்றார். பின்னாளில் அவர்தான் அண்டர்டேக்கர் ஆனார்.

ப்ரோடிக்கோ அதன்பின் 13 மாதங்கள்தான் மிச்சம் இருந்தன. கூட்டம் நிரம்பிய ஒரு ஸ்டேடியத்தின் உடை மாற்றும் அறையில் கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் சக ரெஸ்லர். வழக்கு நடந்தது, யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

ரெஸ்லிங் உலகத்தை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கும் அந்த மனிதரின் கதை இது.

பேனா பிடித்தவர் சங்கிலி பிடித்த கதை

அவருடைய உண்மையான பெயர் ஃபிராங்க் டொனால்ட் குடிஷ். 1946 ஜூன் 18-ல் பிறந்தவர், வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தில். ஆறரை அடியைத் தாண்டிய உயரம், அதற்கேற்ற உடம்பு. அமெரிக்கக் கால்பந்துதான் முதல் கனவு. டெக்சாஸில் உள்ள வெஸ்ட் டெக்சாஸ் ஸ்டேட் கல்லூரி அணிக்காக விளையாடினார்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு விசேஷம் உண்டு. டெரி ஃபங்க், டஸ்டி ரோட்ஸ், ஸ்டான் ஹேன்சன், டெட் டிபியாஸி என்று வரிசையாக ரெஸ்லர்களைக் கொடுத்த கல்லூரி அது. ஆனா ஃபிராங்க் நேராக ரிங்குக்குப் போய்விடவில்லை. சின்ன லீக் அணிகளில் கால்பந்து ஆடினார். சான் ஆன்டோனியோ நகரில் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்திகள் எழுதினார். ரிங்கில் பேச்சே இல்லாத காட்டுமனிதனாகக் கத்தியவர், வெளியே நன்றாகப் படிக்கிற, எழுதுகிற, கணக்குப் பார்க்கிற ஆள்.

1970-களின் தொடக்கத்தில் ரெஸ்லிங்குக்கு வந்தார். கல்லூரி நண்பர் ஸ்டான் ஹேன்சனோடு ஜோடி சேர்ந்து 1974-ல் டேக் டீம் பட்டமும் வாங்கினார். 1976-ல் நியூயார்க்கை மையமாகக் கொண்ட டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.எஃப் அழைத்தது. இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ-யின் பழைய பெயர்தான் அது. அங்கே கிடைத்ததுதான் ப்ரூஸர் ப்ரோடி என்ற பெயர். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சாம்பியன் ப்ரூனோ சமார்டினோவை எதிர்த்து மோதினார். புதிதாக வந்த ஒருவருக்கு இது மிகப் பெரிய இடம். ஆனா அங்கேயும் அவர் நிலைக்கவில்லை, கிளம்பிவிட்டார்.

ஹார்ட்கோர் ரெஸ்லிங் என்றால் என்ன?

ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். இது இன்று ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அது தொழில் ரகசியம். முடிவு நாடகம்தான், ஆனா அடியும் விழுவதும் உடம்பில் படும். ஹார்ட்கோர் பாணியில் ரத்தமும் நிஜம்.

நாற்காலி, சங்கிலி, மேஜை, கையில் கிடைப்பது எல்லாமே ஆயுதம். சண்டை ரிங்குக்குள் நிற்காது, ரசிகர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய்விடும். ரத்தத்துக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ரெஸ்லர் தன் கைக்கட்டில் சின்ன பிளேடு துண்டை மறைத்து வைத்திருப்பார். அடி வாங்கிக் கீழே விழும்போது, யாரும் பார்க்காத நொடியில் நெற்றியில் லேசாகக் கீறிக்கொள்வார். வியர்வையோடு சேர்ந்து முகமே சிவந்துவிடும். வருஷக்கணக்காக இதைச் செய்தவர்களின் நெற்றியில் வாய்க்கால் வெட்டியது போலத் தழும்புகள் இருக்கும். ப்ரோடியின் நெற்றியும் அப்படித்தான்.

இந்தப் பாணியில் அவருக்குச் சரியான ஜோடி கனடாவைச் சேர்ந்த அப்துல்லா தி புட்சர். இருவரும் மோதினால் ஆட்டம் வாசல் வரை போகும் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். அமெரிக்கா, ஜப்பான், புவெர்ட்டோ ரிக்கோ என்று ஊர் ஊராக இந்தச் சண்டை ஓடியது. போன இடமெல்லாம் டிக்கெட் விற்றது.

ஆனா ப்ரோடியை வெறும் ரத்தச் சண்டைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1983-ல் செயின்ட் லூயிஸ் நகரில் உலக சாம்பியன் ரிக் ஃபிளேரோடு முழுசாக ஒரு மணி நேரம் மோதி டிரா செய்தவர் அவர். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் ஓடுவது சாதாரண விஷயம் இல்லை.

சொந்தக் காலில் நின்ற ரெஸ்லர்

ப்ரோடியைப் புரிந்துகொள்ள அன்றைய தொழில் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். அமெரிக்கா முழுக்க ஒரே கம்பெனி என்ற நிலை அப்போது இல்லை. நாடு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புரொமோட்டர். அவருடைய எல்லைக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். வசூல் எவ்வளவு என்பதை அவர்தான் சொல்வார், அதில் ரெஸ்லருக்கு எவ்வளவு என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். மாதச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம், சங்கம் எதுவும் கிடையாது. ஒரு புரொமோட்டரைப் பகைத்துக்கொண்டால், அவர் பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு போன் போடுவார். அவ்வளவுதான், வேலை போச்சு.

இந்த இடத்தில்தான் ப்ரோடி வித்தியாசப்பட்டார். ஒரே இடத்தில் தங்குவதில்லை. வருவார், கூட்டம் சேர்ப்பார், பேசிய பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவார். பேசியதைவிடக் குறைத்துக் கொடுத்தால் சண்டை போடுவார், இல்லாவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போவார்.

தோற்றுப்போகச் சொன்னாலும் லேசில் சம்மதிக்க மாட்டார். இதை வெறும் திமிர் என்று பலர் நினைத்தார்கள். ஆனா அதில் ஒரு கணக்கு இருந்தது. எந்தக் கம்பெனியும் அவரைத் தாங்கிப் பிடிக்கப்போவதில்லை. அவரிடம் இருந்த ஒரே முதலீடு, யாராலும் அடக்க முடியாத ஆள் என்ற பெயர்தான். ஒரு சின்ன ஊரில் ஒரு புரொமோட்டருக்காகத் தோற்றால், அந்தச் செய்தி பத்திரிகையில் வரும். அடுத்த ஊரில் அவருடைய விலை குறையும். குறைந்த விலையில் ஆடப்போவது அவர்தானே தவிர, புரொமோட்டர் இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரெஸ்லிங்கில் எதிராளியின் உடம்பு நம் கையில், நம் உடம்பு எதிராளியின் கையில். ஒருவர் ஒத்துழைக்க மறுத்தால் மற்றவருக்கு ஆபத்து. 1987 ஜனவரியில் ஃபுளோரிடாவில் லெக்ஸ் லூகர் என்ற இளம் நட்சத்திரத்தோடு இரும்புக் கூண்டுக்குள் ஆட்டம். பாதியில் ப்ரோடி ஒத்துழைப்பதை நிறுத்திவிட்டார். லூகர் அடித்தாலும் அசையவில்லை, மரம் மாதிரி நின்றார். என்ன நடக்கிறது என்று புரியாத லூகர், கூண்டின் மேல் ஏறிக் குதித்து வெளியேறிவிட்டார். அந்த வீடியோ இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ப்ரோடியால் பாதிக்கப்பட்டவர்களில் புரொமோட்டர்கள் மட்டுமல்ல, கூட வேலை பார்த்தவர்களும் உண்டு.

ஜப்பானில் கிடைத்த மரியாதை

அமெரிக்காவில் தொல்லை பிடித்த ஆள் என்று பெயர் வாங்கியவர் ஜப்பானில் பெரிய நட்சத்திரம். 1979-லிருந்து ஜயண்ட் பாபா நடத்திய ஆல் ஜப்பான் கம்பெனிக்கு ஆடினார். லெட் செப்பலின் இசைக்குழுவின் இமிக்ரண்ட் சாங் மெட்டு ஒலிக்க, சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு, ஹஸ் ஹஸ் என்று கத்தியபடி கூட்டத்துக்குள் அவர் ஓடி வருவார். ரசிகர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுச் சிதறி ஓடுவார்கள். ஓடுவதற்காகவே டிக்கெட் வாங்கி வந்தவர்களும் உண்டு.

பழைய நண்பர் ஸ்டான் ஹேன்சனும் அங்கே வந்து சேர்ந்தார். 1983-ல் ஆல் ஜப்பானின் பெரிய டேக் டீம் தொடரை இந்த ஜோடி வென்றது. ஜப்பான் ரிங்கில் வெளிநாட்டு ஜோடி என்றால் இன்றும் பழைய ரசிகர்கள் முதலில் சொல்வது இவர்கள் பெயரைத்தான்.

அங்கேயும் ப்ரோடி மாறவில்லை. 1985-ல் போட்டிக் கம்பெனியான நியூ ஜப்பானுக்குத் தாவினார். அன்டோனியோ இனோகியோடு அவர் மோதிய ஆட்டங்கள் பெரிய வசூல். ஆனா அதே ஆண்டு டிசம்பரில், டேக் டீம் தொடரின் இறுதிப் போட்டிக்கே வராமல் கிளம்பிவிட்டார். பிறகு மறுபடியும் ஆல் ஜப்பானுக்குத் திரும்பினார். 1988 மார்ச் மாதம் டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஜம்போ சுருடாவை வீழ்த்தி இன்டர்நேஷனல் ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கினார். அடுத்த மாதமே அதே சுருடாவிடம் பட்டத்தை இழந்தார். தோற்க மாட்டார் என்று பெயர் எடுத்தவர், தன்னை மதித்த இடத்தில் தோற்கவும் செய்தார்.

ஜூலை 16, 1988: என்ன நடந்தது?

புவெர்ட்டோ ரிக்கோ, கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்ட தீவு. அங்கே கார்லோஸ் கோலோன் தரப்பினர் நடத்திய வேர்ல்ட் ரெஸ்லிங் கவுன்சில் என்ற கம்பெனி ரத்தச் சண்டைகளுக்குப் பேர் போனது. ப்ரோடிக்கு அது பழகிய ஊர்.

அன்று இரவு பயமோன் நகரின் ஹுவான் ரமோன் லூப்ரியேல் ஸ்டேடியத்தில் நிகழ்ச்சி. ஆட்டத்துக்கு முன் ரெஸ்லர்கள் உடை மாற்றும் அறையில் இருந்தார்கள். இன்வேடர் என்ற பெயரில் ஆடிய ஹோஸே கொன்சாலஸ், தனியாகப் பேச வேண்டும் என்று ப்ரோடியை ஷவர் அறைக்கு அழைத்தார். கொன்சாலஸ் உள்ளூர் நட்சத்திரம். அந்தக் கம்பெனியில் யார் யாரோடு மோத வேண்டும், யார் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் புக்கரும் அவர்தான்.

சற்று நேரத்தில் உள்ளே இருந்து அலறல் கேட்டது. ப்ரோடி வயிற்றில் கத்திக்குத்துக் காயத்தோடு கிடந்தார். வெளியே நிகழ்ச்சிக்கு வந்த கூட்டமும் வண்டிகளும் நிறைந்திருந்ததால் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரம் பிடித்தது. அந்த உடம்பைத் தூக்க மருத்துவ ஊழியர்களால் முடியவில்லை. சக ரெஸ்லர் டோனி அட்லஸ் தூக்க உதவினார். மறுநாள், ஜூலை 17-ம் தேதி, மருத்துவமனையில் ப்ரோடி இறந்தார். வயது 42. மனைவியும் சிறு வயது மகனும் அமெரிக்காவில் இருந்தார்கள்.

வழக்கில் என்ன ஆனது?

கொன்சாலஸ் மீது கொலை வழக்கு பதிவானது. 1989 ஜனவரியில் விசாரணை நடந்தது. தற்காப்புக்காகவே அப்படிச் செய்ய நேர்ந்தது என்பது அவர் தரப்பு வாதம். ஜூரி அதை ஏற்றுக்கொண்டது. கொன்சாலஸ் விடுதலை ஆனார். அதன்பிறகும் பல ஆண்டுகள் அங்கே ரெஸ்லிங் ஆடினார்.

சர்ச்சை அந்தத் தீர்ப்போடு முடியவில்லை. டோனி அட்லஸ், டட்ச் மான்டெல் போன்று அன்று அங்கே இருந்த அமெரிக்க ரெஸ்லர்கள் யாரும் சாட்சி சொல்லவில்லை. சாட்சி சொல்ல வரச் சொல்லி அனுப்பிய சம்மன், விசாரணை முடிந்த பிறகே தங்கள் கைக்குக் கிடைத்தது என்று அவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அந்த அறையின் சூழலை நேரில் அறிந்தவர்கள் பேசாமலேயே வழக்கு முடிந்தது. பல அமெரிக்க ரெஸ்லர்கள் அதன்பின் புவெர்ட்டோ ரிக்கோ போக மறுத்தார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். யாருக்கும் அடங்காத முரடன் என்ற பெயரை ப்ரோடி 15 ஆண்டுகள் உழைத்துச் சம்பாதித்தார். அவருக்குச் சோறு போட்டது அந்தப் பெயர்தான். தற்காப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, அந்தப் பெயர் இறந்துபோன மனிதருக்கு உதவியிருக்க வாய்ப்பில்லை. ரிங்கில் பார்த்த முரடன் வேறு, பேனா பிடித்த ஃபிராங்க் குடிஷ் வேறு என்று எடுத்துச் சொல்ல அவருக்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை.

இன்று ப்ரோடி எங்கே இருக்கிறார்?

அவர் இறந்த காலத்திலேயே பழைய தொழில்முறையும் செத்துக்கொண்டிருந்தது. வின்ஸ் மக்மேன் தன் கம்பெனியை நாடு முழுக்கக் கொண்டுபோனார். சின்ன புரொமோட்டர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடினார்கள். ப்ரோடி மாதிரி ஊர் ஊராகப் போய்ப் பேரம் பேச, ஊர்களே மிச்சம் இல்லை.

ஆனா அவருடைய பாணி சாகவில்லை. 1990-களில் ஈ.சி.டபிள்யூ கம்பெனி ஹார்ட்கோர் ரெஸ்லிங்கையே தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டது. கூட்டத்துக்கு நடுவே சண்டை, நாற்காலி அடி, ரத்தம் என்று இன்று பார்க்கிற பலவற்றையும் முன்பே ஊர் ஊராகச் செய்து காட்டியவர்களில் ப்ரோடி முக்கியமானவர். 2019-ல் டபிள்யூ.டபிள்யூ.இ தன் ஹால் ஆஃப் ஃபேமின் லெகசி பிரிவில் அவர் பெயரைச் சேர்த்தது. அதே ஆண்டு டார்க் சைட் ஆஃப் தி ரிங் ஆவணத் தொடர் அவருடைய மரணத்தைப் பற்றிப் பேசி, புதிய தலைமுறைக்கு அவரை அறிமுகம் செய்தது.

ரெஸ்லர்கள் கம்பெனியின் ஊழியர்களா, இல்லை தனித்தனி ஒப்பந்தக்காரர்களா என்ற கேள்வி அமெரிக்காவில் இன்னமும் தீரவில்லை. அவர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் இன்றுவரை நிலைக்கவில்லை. தன் விலையைத் தானே பேசி வாங்க முடியும் என்று ப்ரோடி நிரூபித்தார். அப்படித் தனியாக நிற்பவருக்கு ஒன்று நடந்தால் யார் கேட்பது என்ற கேள்விக்கு, அவர் இறந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பதில் வரவில்லை.