காசைப் பாடிய கடனாளி: உடுமலை நாராயணகவியின் வாழ்வும் பணப் பாடல்களும்

உடுமலை நாராயணகவி இன்று பகுத்தறிவுக் கவிராயர் என்ற பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறார். பெயர் பொருத்தமானதே. ஆயினும், அவருடைய பணப் பாடல்களை அந்தப் பெயரின் வழியே மட்டும் அணுகினால், பூசையையும் சடங்கையும் எள்ளுவதற்காகவே அவர் காசைக் கருவியாக்கினார் என்ற முடிவே எஞ்சும். அவருடைய வாழ்க்கை அம்முடிவை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

1899 செப்டம்பர் 25 அன்று உடுமலைப்பேட்டையை அடுத்த பூளவாடியில் பிறந்தார். இயற்பெயர் நாராயணசாமி. வறுமையால் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. தீப்பெட்டிகளைச் சுமந்து சுற்றுவட்டார ஊர்களில் விற்று, அன்றாடம் கிடைத்த சில்லறையில் வாழ்ந்தார். உடுமலை முத்துசாமிக் கவிராயரின் தொடர்பு அவரை நாடகத்திற்கும் பாட்டிற்கும் அழைத்துவந்தது. பின்னர்த் தேசிய இயக்கத்தின் ஈர்ப்பில் கதர்க்கடை வைத்தார். வணிகம் பெருங்கடனில் முடிந்தது. ஊரை விட்டு வெளியேறி மதுரைக்கு வந்த அவர், கடனைத் தீர்த்த பிறகே திரும்பினார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

மதுரையில் அவர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் யாப்புக் கற்றார் என்பது வழிவழிச் செய்தி. இங்குக் காலக்கணக்கைக் கவனித்தல் வேண்டும். கதர் இயக்கம் தமிழகத்தில் வேரூன்றியது 1920ஐ ஒட்டி. சுவாமிகள் மறைந்தது 1922இல். இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது. எனவே யாப்புப் பயிற்சியின் பெரும்பகுதி முத்துசாமிக் கவிராயரிடமே கிடைத்திருக்க வேண்டும் எனக் கொள்வதே பொருந்தும். மதுரை தந்தது வேறொன்று. 1918இல் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிய அந்நகர், காட்சிக்கும் மெட்டுக்கும் நடிகரின் குரலுக்கும் ஏற்பப் பாட்டுக் கட்டும் தொழிலின் களமாக விளங்கியது. கடனாளிக்கு அத்தொழிலே பிழைப்பாயிற்று.

1930களில் தொடங்கிய திரைப்பணி, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் நட்பால் தனிப்போக்குப் பெற்றது. வேலைக்காரி, நல்லதம்பி (1949) முதலிய படங்கள் அவர் புகழைப் பரப்பின. எனினும் பணப் பாடல்களுள் தலையாயது பராசக்தியில் (1952) சி.எஸ். ஜெயராமன் பாடியதே. நாடு, அறிவு, கல்வி, வழிபாடு அனைத்தும் காசின் முன் மதிப்பிழப்பதைக் கூறும் அப்பாடல், குதம்பைச் சித்தரின் விளியையும் இடைக்காட்டுச் சித்தரின் தாண்டவக்கோன் விளியையும் எடுத்தாள்கிறது. இது வெறும் வடிவக் கடன் அன்று. மெய்யை உணர்ந்தார்க்குப் புறச் சடங்குகள் எதற்கு என்பது குதம்பைச் சித்தரின் வினா. சித்தர் மெய்யை வைத்த இடத்தில் நாராயணகவி காசை வைக்கிறார். அதன் முன் மற்றவை யாவும் தேவையற்றுப் போகின்றன. அங்கதம் இந்த இடமாற்றத்திலேயே நிகழ்கிறது. பிணத்தைக் கட்டி அழுவோரின் கண்ணும் பெட்டியின் மேல் இருப்பதைக் காட்டும் பகுதியில் தாக்கப்படுவது சமயம் அன்று, உறவு. பகுத்தறிவு என்ற ஒற்றை அளவுகோல் இப்பகுதிக்குப் போதாது.

அதே ஆண்டில் வெளிவந்த பணம் என்ற படத்திற்காகக் கண்ணதாசன் எழுதி, கலைவாணர் பாடிய பாடலோடு இதனை ஒப்பிடலாம். கள்ளச்சந்தையிலும் உண்டியலிலும் பணம் எங்கே ஒளிந்தது எனக் கண்ணதாசன் தேடுகிறார். அவர் நோக்கு பதுக்குவோர் மீது செல்கிறது. நாராயணகவியோ பணத்தின் இருப்பிடத்தைத் தேடுவதில்லை. அது இல்லாதவனை உலகம் எவ்வாறு பார்க்கிறது என்பதே அவர் பொருள். ஊருக்குள் தலைகாட்ட இயலாத கடனாளியின் கண்ணுக்கு இது இயல்பாகவே புலப்பட்டிருக்கும்.

முதல் தேதி (1955) படத்தில் கலைவாணர் பாடிய பாடலில் அக்கண் மாதச் சம்பளக்காரர் வீட்டை நோக்குகிறது. முதல் இருபது நாள் களிப்பு, எஞ்சிய பத்து நாள் தவிப்பு என்ற நாட்கணக்கே அப்பாடலின் கட்டுமானம். சித்தர் மொழி இங்கில்லை. மளிகைக் கணக்குப் போடும் வீட்டின் மொழி உள்ளது. பொருளுக்கேற்ப மொழித்தளத்தை மாற்றும் இத்திறன் நாடகமேடை தந்த பயிற்சியின் பேறு எனலாம்.

கலைவாணர் 1957இல் மறைந்தார். அவர் குரலை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பாடல் வகையும் அத்துடன் நின்றது. நாராயணகவி 1981 மே 23 அன்று காலமானார். இந்திய அஞ்சல்துறை 2008இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.