காந்தியடிகள் தேடிய பென்சில்

1888-ல் சட்டம் படிக்க லண்டன் சென்ற காந்தியடிகள், தொடக்கத்தில் சிக்கனக்காரர் அல்லர். பத்துப் பவுனுக்கு மாலை உடுப்பு தைத்தார். நடனமும் வயலினும் பயின்றார். பணம் அனுப்பியவரோ ஊரிலிருந்த அண்ணன். அதை எண்ணியபோது மனம் உறுத்தியது. ஒற்றை அறைக்கு மாறினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே காய்ச்சினார். வண்டிக்காசு மிச்சமாக நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். தபால்தலை வாங்கிய காசையும் கணக்கில் எழுதி, இருப்பைச் சரிபார்த்த பிறகே உறங்கினார்.

பின்னர் டர்பனில் வக்கீலாக இருந்தபோது சலவைக்கூலி மிகுந்தது. புத்தகம் பார்த்துத் துணி வெளுக்கக் கற்றார். சூடு போதாத இஸ்திரிப் பெட்டியால் தேய்த்த காலரிலிருந்து கஞ்சி உதிர, நீதிமன்றத்தில் சக வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அங்கே 1894-ல் அவர் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசில், எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது கொடுத்தாக வேண்டும். வீட்டுக் கணக்குப் பழக்கம் ஊர்ப்பணத்துக்குக் காவலாயிற்று.

தாயகம் திரும்பிய 1915-ல் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு. அங்கே ஒரு பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு அங்குலங்கூட இராது. காகா காலேல்கர் தம்முடையதை நீட்டினார்; அடிகள் வாங்கவில்லை. சென்னையில் ஜி. ஏ. நடேசனின் சிறு மகன் அன்போடு கொடுத்த பென்சில் அது. இருவருமாகத் தேடினார்கள். கிடைத்த பிறகே அடிகளுக்கு நிம்மதி வந்தது.