சம்பளம் நின்றது, ஆளோ கிளம்பவில்லை: பிரின்செப் ஸ்ட்ரீட் தேவாலயத்தின் கதை

செலிகி ரோட்டுப் பக்கம் நடந்திருக்கிறீர்களா? பிரின்செப் ஸ்ட்ரீட்டில் சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். பிரின்செப் ஸ்ட்ரீட் பிரெஸ்பிட்டீரியன் தேவாலயம் அது. ஒரு காலத்தில் அதற்கு 'கிரேஜா கீஸ்பெரி' என்று பெயர். கிரேஜா என்றால் மலாயில் தேவாலயம். சரி, கீஸ்பெரி யார்?

பெஞ்சமின் கீஸ்பெரி 1805இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். அப்பா இந்தியாவில் பணிபுரிந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. மொரீஷியஸில் கொஞ்ச காலம், பிறகு நம்ம மெட்ராஸில் கொஞ்ச காலம் என்று படிப்பு போனது. இளம் வயதில் சிங்கப்பூர் வந்து வியாபாரம் செய்து பார்த்தார். எடுபடவில்லை. பத்தாவியா, அதாவது இன்றைய ஜக்கர்த்தாவுக்குப் போனார். அங்கே சமய ஊழியர் வால்டர் மெட்ஹர்ஸ்ட்டிடம் அச்சுத்தொழிலும் புத்தகம் கட்டுவதும் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது அந்தக் கைத்தொழில்தான்.

அமெரிக்காவில் இறையியல் படித்துவிட்டு 1837இல் சிங்கப்பூர் திரும்பினார். 1839இல் லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். மலாய் கற்றுக்கொடுத்தவர் சாதாரண ஆளில்லை, முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியம் படித்தவர்களுக்கு அந்தப் பெயரின் எடை தெரியும். 1843இல் மலாய் பேசுவோருக்காக பிரின்செப் ஸ்ட்ரீட்டில் கீஸ்பெரி ஒரு சிறிய ஆலயம் கட்டினார்.

அப்புறம்தான் சிக்கல். அபினிப் போருக்குப் பிறகு சீனத் துறைமுகங்கள் திறந்துவிடப்பட்டன. லண்டன் சங்கத்தின் இலக்கு ஆரம்பத்திலிருந்தே சீனாதான். சிங்கப்பூர் ஒரு காத்திருப்பு அறை மாதிரி. கதவு திறந்ததும் எல்லாரும் கிளம்பினார்கள். 1847இல் சங்கம் இங்கே கடையைக் கட்டியது. கீஸ்பெரியோ பதவி விலகி, சம்பளம் இல்லாமலேயே இங்கேயே தங்கிவிட்டார்.

எப்படிச் சமாளித்தார்? அச்சகத்தை நடத்தி வந்த வருமானத்தில்தான் பள்ளியும் ஆலயமும் ஓடின. ரிவர் வேலி ரோட்டில் இருந்த பள்ளியில் மாணவர்கள் பாடத்தோடு அச்சுத்தொழிலும் பழகினார்கள். தெமெங்கோங் இப்ராஹிம் அந்தப் பள்ளிக்கு ஆதரவு தந்தார். பின்னாளில் ஜொகூர் சுல்தானான அபு பக்கார் அங்கே படித்தவர். மலாய்ப் பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கூடங்கள் அவ்வளவாக இல்லாத காலம் அது.

முன்ஷி அப்துல்லாவின் புகழ்பெற்ற தன்வரலாறான 'ஹிக்காயாட் அப்துல்லா' 1849இல் அச்சாகி வந்ததும் இந்த அச்சகத்தில்தான். ஆசிரியர் எழுதியதை மாணவர் அச்சிட்டார். இன்னொரு சுவாரசியமான விஷயம்: அந்த அச்சகம் பிற்பாடு கைமாறி, ஜான் ஃபிரேசர், டேவிட் நீவ் இருவரிடம் போனது. 1883இல் அவர்கள் சோடா தயாரிக்கவும் இறங்கினார்கள். ஆமாம், கடையில் நாம் வாங்கும் எஃப் அண்ட் என் பானங்களின் குடும்ப மரம் கீஸ்பெரியின் அச்சு இயந்திரம் வரை போகிறது.

அவருடைய சமயப் பணி நினைத்தபடி நடந்ததா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. மலாய்க்காரர்களுக்காக மலாயில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், பிரசங்கம் செய்தார். ஆனால் மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. ஆலயத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெரானாக்கான் சீனர்கள். அவர்கள் வீட்டில் பேசியது பாபா மலாய், அதனால் அவர் சொன்னது புரிந்தது. யாருக்காகக் கதவைத் திறந்தாரோ அவர்கள் வரவில்லை. வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பவும் இல்லை.

1875இல், தம் ஆலயத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது கீஸ்பெரி இறந்துபோனார். வயது 70.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குழப்பம் வரலாம்: இதில் பிரெஸ்பிட்டீரியன் எங்கே வந்தது? அவர் காலத்தில் வரவில்லை. அவர் மறைந்த பிறகே இங்கிலாந்து பிரெஸ்பிட்டீரியன் மிஷன் ஆலயத்தை ஏற்றது. வழிபாட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து, 'ஸ்ட்ரெய்ட்ஸ் சீனர் தேவாலயம்' என்றே பெயர் வந்தது. 1930இல் சிங்கப்பூரின் முதல் பாய்ஸ் பிரிகேட் படை தொடங்கியதும் இங்கேதான். பள்ளியில் அந்தச் சீருடையைப் போட்டவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். இப்போது நிற்கும் செங்கல் கட்டடமும் 1930களின் தொடக்கத்தில் எழுந்தது. 2000ஆம் ஆண்டு அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.